ஒரு குமிழும் உடையாத படகு

நப்பின்னை தினமும் காலையில் படகுக்கு அடியில் தவழ்ந்துதான் சமையலறைக்குப் போவாள். அன்றும் அப்படித்தான் போனாள். வெளியே வழக்கமான குளிர், பூஜ்யத்துக்குக் கீழே நூற்று எழுபத்தொன்பது டிகிரி. மெத்தேன் மழை பிடித்திருந்தது. சனிக்கோளின் நிலவான டைட்டனில் மழைத்துளி ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு இருக்கும். பஞ்சு விழுவதுபோல் அவசரமில்லாமல் இறங்கும். முத்துத்துறையில் பிறந்தவர்களுக்கு அது வேடிக்கையில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பாமலே பாசிக்காப்பியைச் சூடாக்கி இரண்டு குவளைகளில் ஊற்றி, ஒன்றைப் பல்லில் கவ்வி, மறுபடி தவழ்ந்து கூடத்துக்கு வந்தாள். காப்பி சிந்தவில்லை. எட்டு வருடப் பழக்கம்.

கூடத்தின் நீளம் பதினெட்டடி. படகின் நீளம் பதினேழடி. இடுப்பு உயரக் கட்டைகள் இரண்டின்மேல் அது வீற்றிருந்தது. மூக்கிலிருந்து வால்வரை சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் பதித்த பிளாஸ்டிக் குமிழுறை மூன்று சுற்று, அதன்மேல் பூமியில் ஒட்டிய நாடா, நாடாவின்மேல் பூமியில் குத்திய முத்திரை. விண்கப்பலின் சரக்கறையைச் சூடாக்க மாட்டார்கள் என்பதால், எந்தக் குளிரிலும் விரிசல் விடாத தடித்த குமிழுறையில் கட்டி அனுப்பியிருந்தார்கள். உள்ளே மங்கலாகப் பச்சை நிறம் தெரியும்.

படகு அவள் கணவன் அறவாழியுடையது. பிராணவாயு ஆலையில் வால்வுகளைப் பராமரிக்கும் வேலை அவனுக்கு. கல்யாணமான புதிதில் ஒருநாள், பூமியிலிருந்து வந்த விற்பனைப் பட்டியலில் ‘முழுத் தொகுப்பு’ என்ற சொல்லைப் பார்த்து மயங்கி, நான்கு வருடத்துக்கான இறக்குமதி உரிமையை அதற்கே கொடுத்துவிட்டான். இரண்டு துடுப்புகள், சூடேற்றும் இருக்கைகள் இரண்டு, மிதவைச் சட்டைகள், மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி, தூண்டில் செருகும் குழாய், குவளை வைக்கும் குழி, வெயிலுக்கு ஒரு கூரை, கொசுவலை. டைட்டனில் மீன் இல்லை, கொசு இல்லை, வெயில் என்பது ஆரஞ்சுப் புகைக்கு அப்பால் எங்கேயோ இருக்கிற ஒரு வதந்தி. ஆனால் கடல் இருந்தது. வாசலைத் திறந்தால் மெத்தேன் கடல். ஞாயிறுதோறும் போகலாம் என்று சொல்லித்தான் வாங்கினான்.

படகு இரண்டு தடவை வெளியே போனது. வந்திறங்கிய அன்று, கரையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள. அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு, உறையின்மேல் சந்தனம் வைத்து, அச்சு இயந்திரத்தில் செய்த எலுமிச்சம்பழத்தை அடியில் வைத்து ஒரு முழம் முன்னால் தள்ள. உறையைப் பிரிக்கவே இல்லை. “நல்ல நாள் பாத்துப் பிரிப்போம்” என்பான் அறவாழி.

இதைக் கேட்டு முத்துத்துறையில் யாரும் சிரித்ததில்லை. மற்ற வீடுகளிலும் அப்படித்தான். பூமிப்பொருள் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். அதைப் பிரித்தால் பழசாகிவிடும். குழந்தைகள் குமிழில் விரல் வைத்தால் கையில் அடி விழும். குமிழ் உடைந்தால் பொருளின் மதிப்புப் போயிற்று.

அன்று காலை காப்பியைக் கீழே வைத்ததும் சுவரில் செய்தி ஒளிர்ந்தது. நப்பின்னையின் தங்கை சுடர்விழி கப்பலிலிருந்து அனுப்பியது.

“தூக்கத்துல இருந்து எழுப்பிட்டாங்க அக்கா. பன்னெண்டு நாள்ல வந்துருவேன். பதினாறு வருஷம் ஆச்சு. என்னை அடையாளம் தெரியுமா உனக்கு? ஆறடி ரெடியா வச்சிருக்கல்லா?”

நப்பின்னை அதை இரண்டு தடவை கேட்டாள்.

சுடர்விழி பதினேழு வயதில் மருத்துவம் படிக்கப் பூமிக்குப் போனவள். அவள் அங்கே இருக்கும்போதே அம்மாவும் அப்பாவும் இங்கே இறந்துபோனார்கள். இரண்டு தடவையும் தங்கையின் அழுகை எண்பது நிமிடம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. இப்போது டாக்டராகத் திரும்புகிறாள். ஆனால் முத்துத்துறையில் ஆறடி விதி என்று ஒன்று உண்டு. வருகிறவர் தங்கும் வீட்டில் ஆறடி நீளம், மூன்றடி அகலம், தரையிலிருந்து கூரைவரை காலியாக இருக்கவேண்டும். துறைமுகத்திலிருந்து வந்து அளப்பார்கள். இல்லையென்றால் இறங்க முடியாது. கப்பல் எட்டு மணி நேரம்தான் நிற்கும். பிறகு பூமிக்குத் திரும்பிவிடும். அடுத்தது நான்கு வருடம் கழித்து.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் காப்பியைப் பார்த்தான்.

“மூணு வருஷமா சொல்லுதேன்,” என்றாள்.

“மூணு வருஷம் இருக்கேன்னு நெனச்சேன்.”

“இப்ப பன்னெண்டு நாள் இருக்கு.”

“வித்துருவோம்,” என்றான் அறவாழி. சொல்லிவிட்டுப் படகின் மூக்கை ஒருமுறை தடவிக்கொடுத்தான்.

தூக்கி எறிய வழியில்லை. பூமியிலிருந்து வந்த பொருளை அழிப்பது முத்துத்துறையில் குற்றம். கொண்டுவர அவ்வளவு எரிபொருள் செலவாகிறது. யாராவது ஒருவர் பெயரில், ஒரு கூரைக்குக் கீழே அது இருந்தாகவேண்டும்.

விளம்பரத்தை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். ‘துடுப்புப் படகு. முழுத் தொகுப்பு. இருமுறை மட்டுமே வெளியே எடுத்தது. கடல் பட்டதில்லை. ஒரு குமிழும் உடையவில்லை.’ கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னான் அறவாழி.

பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். முத்துத்துறையில் பொழுதுபோக்குக் குறைவு. முதல் நாளே வந்த லூர்துமணி படகைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார், அல்லது நடக்க முயன்றார். ஒரு பக்கம் சுவர் இடித்தது.

“பிரிக்கலையோ?” என்றார்.

“தொட்டதுகூட இல்ல அண்ணாச்சி,” என்றான் அறவாழி.

“நல்ல பொருள்.” அவர் குரலில் மரியாதை வந்துவிட்டது. “எனக்கு எடுத்துக்க ஆசைதான். வீட்ல ஓட்டப்பொறி நிக்குல்லா, நின்ன எடத்துலயே ஓடுறதுக்கு, நடுக் கூடத்துல. அதை எடுத்துக்கிடுதியா? மாத்திக்குவோம்.”

“ஓட்டப்பொறி என்ன நீளம்?” என்று கேட்டாள் நப்பின்னை.

“ஏழடி. அதுவும் பிரிக்கல.”

அடுத்த நாள் வந்த புதுமணத் தம்பதி, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று நாடா பிடித்து அளந்தார்கள். பெண்ணுக்கு ஆசை. பையன் மெதுவாக, “நம்ம பியானோவை எங்க வைக்க?” என்றான். அவள் யோசித்தாள். “நமக்கு பியானோ வாசிக்கத் தெரியாதுல்லா?” என்றாள். “அதுக்காக?” என்றான் அவன். அதற்குமேல் பேச்சு நடக்கவில்லை.

ஒன்பது நாளில் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் படகு பிடித்திருந்தது. யாரிடமும் பதினேழடி இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் பூமியிலிருந்து வந்த ஏதோ ஒன்று உறை பிரிக்காமல் நடுக் கூடத்தில் படுத்திருந்தது. இரண்டு தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே எதையாவது சுற்றித்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பது நப்பின்னைக்கு அப்போதுதான் உறைத்தது.

பத்தாம் நாள் அவள் துறைமுகத்துக்குப் போனாள்.

துறைமுகத் தலைவி ஞானப்பூவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும், பயத்தோடு. விண்கப்பல் வரும் துறையும் மெத்தேன் கடலின் துறையும் அவர் பொறுப்பு. ஆறடியை அளக்க வருவதும் அவர்தான்.

“படகைத் துறைமுகம் எடுத்துக்கிடுமா அக்கா?”

“எதுக்கு?”

“கொட்டகைல எடம் இருக்கே.”

“எடம் வேலைப் படகுக்கு, பிள்ளே. ஒன் வீட்டுக்காரன் பொம்மைக்கு இல்ல.” ஞானப்பூ ஜன்னலைக் காட்டினார். குடாவுக்கு அப்பால், இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், எதிர்க்கரைக் கம்பத்தின் விளக்கு மினுக்கியது. “அந்தக் கம்பத்தைத் தொட்டுட்டுத் திரும்பி வர்ற படகுதான் வேலைப் படகு. பதினொரு வருஷத்துல பதினாலு படகு பாத்துட்டேன். ஒண்ணும் முந்நூறு மீட்டர் தாண்டல.”

காரணம் ஊருக்கே தெரியும். சோடா பாட்டிலில் வாயு கரைந்திருப்பதுபோல அந்தக் கடலில் நைட்ரஜன் கரைந்து கிடக்கிறது. இலேசாகச் சூடு பட்டாலே குமிழியிட்டு வெளியே வந்துவிடும். மனிதன் ஏறிய படகு எதுவானாலும் சூடு கசியும். உடலுறைக்குள் இருக்கும் ஆளே ஒரு கணப்புச்சட்டிதான். படகைச் சுற்றிக் கடல் பொங்கி நுரைக்கும். நுரை எதையும் தாங்காது. படகு கல்மாதிரி இறங்கும். இதற்கு நுரைப்பு என்று பெயர். குளிர் தாங்கும் காப்புறை அனுப்பும்படி பூமிக்கு எழுதிப் பதினொரு வருடமாகிறது. கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாக ஒவ்வொரு வருடமும் பதில் வரும். எதிர்க்கரை இறைப்பு நிலையத்தில் ஒரு திருகு கழன்றாலும், ஊர்திகள் பனிப்பாறை சுற்றி ஆறு நாள் பயணம் போய்த்தான் சரிசெய்யவேண்டியிருந்தது.

“நாங்க போய்ப் பாக்கோம்,” என்றாள் நப்பின்னை. அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

ஞானப்பூ அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இதுக்கு முன்னால துடுப்புப் போட்டிருக்கியா?”

“இல்ல.”

“ஒன் வீட்டுக்காரன்?”

“அவருதான் வாங்குனாரு.”

“சரி. நாளைக்கு வாங்க. படகுல கயிறு கட்டித்தான் விடுவேன். முங்குனா இழுத்துருவோம். கயிறு முந்நூறு மீட்டர். இழுத்தப்புறம் படகை வீட்டுக்கே கொண்டுபோகணும். நாளன்னைக்கு வந்து அளப்பேன். இல்லாத எடத்தை இருக்குன்னு எழுத மாட்டேன், நீ என்னதான் அழுதாலும்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது அறவாழி படகின் நாடாக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிறகு, “வாரேன். ஆனா கவரைப் பிரிக்கக் கூடாது,” என்றான்.

“கடல்லயா? கவரோடயா?”

“நாளைக்கு முங்கி எந்திரிச்சா, நாளன்னைக்கு வேற ஆளுக்கு விக்கணும்லா? கவர் கிழிஞ்ச படகை எவன் வாங்குவான்? உக்காருற எடத்துல மட்டும் ரெண்டு ஓட்டை போடுவோம். அழகா, நாடா ஒட்டி.”

சண்டை போட அவளுக்கு நேரமில்லை. ஒரு நாள்தான் இருந்தது. சரி என்றாள்.

மறுநாள் கரையில் பாதி ஊர் கூடியிருந்தது. மழை விட்டிருந்தது. ஆரஞ்சு வானத்துக்குக் கீழே கடல் கறுப்பாக, மடித்த பட்டுபோல அசையாமல் கிடந்தது. சந்தனக் கறையும் முத்திரையுமாக, உறையோடு அந்தப் படகைத் தூக்கி வந்தபோது உடலுறைகளின் ஒலிப்பெட்டிகளில் சிரிப்புக் கேட்டது.

“ஏ அறவாழி, பார்சல் எங்க போகுது?”

“முகவரி எழுதினியாப்பா?”

அறவாழி குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நப்பின்னை முன்னால் உட்கார்ந்தாள். துடுப்புப் பிடிப்பது எப்படி என்று உறைமேல் போட்டிருந்த படத்தை இரவு மனப்பாடம் செய்திருந்தாள். டைட்டனில் எடை ஏழில் ஒரு பங்குதான். மெத்தேனும் தண்ணீரில் பாதிகூட கனமில்லாத திரவம். துடுப்பை உள்ளே இறக்கியதே தெரியவில்லை. இழுத்தாள். கரை பின்னால் நகர்ந்தது.

“துடுப்பு கவர்ல படுது. பாத்து,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நூறு மீட்டர். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நுரை எழுவதற்குக் காத்திருந்தது. இதற்கு முன்னால் போன படகுகள் எல்லாம் இந்த இடத்தில் பொங்க ஆரம்பித்திருந்தன.

இருநூறு.

“இடப்பக்கம் ஒரு நாடா விட்டிருக்கு பின்னை.”

“நீங்களும் துடுப்புப் போடலாம்.”

இருநூற்றைம்பது. கரையில் யாரும் சிரிக்கவில்லை. முந்நூறு. அவள் இருக்கையோரம் முடிந்திருந்த கயிறு நிமிர்ந்து விறைத்தது.

ஞானப்பூவின் குரல் காதுக்குள் வந்தது. “கயிறு முடிஞ்சுது பிள்ளே. இதுவரைக்கும் வந்ததே பெரிசு. திரும்பி வந்துரு. இல்ல அவுக்கணும்னா, நீதான் அவுக்கணும். அதுக்கப்புறம் நான் இழுக்க முடியாது.”

நப்பின்னை எதிர்க்கரை விளக்கைப் பார்த்தாள். அது கிட்டே வந்த மாதிரியே தெரியவில்லை. கையை முடிச்சின்மேல் வைத்தாள். சுடர் பதினேழு வயதில் கப்பல் ஏறியபோது, கதவு மூடும்வரை அக்காவின் விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் விரலை விடுவித்தது நப்பின்னைதான். முடிச்சு அவள் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக அவிழ்ந்தது.

“பின்னை,” என்றான் அறவாழி மெல்ல.

“துடுப்புப் போடுங்க.”

அவன் போட்டான். முதலில் இருவரும் இரண்டு திசைக்கு இழுத்தார்கள். பிறகு எப்படியோ கைகள் சேர்ந்துகொண்டன. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து ஒரே பக்கம் போனது அதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. கடலில் சத்தமே இல்லை. துடுப்பு ஏறி இறங்கும் சின்ன ஒலி மட்டும்.

முக்கால் தூரம் போனபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. இருக்கை இதமாக இருந்தது.

“ஏங்க. சூடேத்தியைப் போட்டீங்களா?”

“குளுருச்சு.”

“எப்ப?”

“கெளம்பும்போதே.”

அவள் துடுப்பை அப்படியே நிறுத்தினாள். சாகத் துணியாத யாரும் செய்யாத காரியம் அது. பதினாலு படகுகளும் சூடேற்றி இல்லாமலே முங்கியவை. அவள் மெதுவாகத் தலையைச் சாய்த்துப் படகின் விளிம்புக்கு வெளியே பார்த்தாள். கறுப்புக் கடல். கண்ணாடிபோல. ஒரு குமிழ்கூட எழவில்லை.

கடலில் எழாத குமிழ்களெல்லாம் படகைச் சுற்றி ஒட்டியிருந்தன. மூன்று சுற்று, பல்லாயிரம் சின்னக் குமிழ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பூமியின் காற்று கொஞ்சம். சூடு அதைத் தாண்டி வெளியே போகவில்லை. பூமியில் படகு செய்தவர்கள் கோடை விடுமுறையை நினைத்துச் செய்திருந்தார்கள். அதைப் பொட்டலம் கட்டியவர்கள்தான் குளிரை நினைத்திருந்தார்கள்.

நப்பின்னை சிரித்துவிட்டாள். வெகுநேரம் சிரித்தாள். கரையில் ஞானப்பூ, “ஏ பிள்ளே, பிராணவாயு கொறயுதா?” என்று பதறினார்.

கம்பத்தைத் தொட்டதும் விளக்கின் கீழே இருந்த பொத்தானை அமுக்கினாள். எதிர்க்கரையில் பச்சை ஒளி விழுந்தது. பதினொரு வருடத்தில் அந்தப் பச்சையை யாரும் பார்த்ததில்லை. திரும்பும்போது அறவாழி மீன் காட்டும் கருவியைப் போட்டுவிட்டான். அது வழி நெடுக, ‘மீன் இல்லை, மீன் இல்லை’ என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

கரையில் இறங்கியதும் ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். ஞானப்பூ யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. குனிந்து படகின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். வெப்பமானியை ஒட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“இது என்ன?”

“கவர்,” என்றான் அறவாழி.

“இதையா பதினொரு வருஷமா பூமிகிட்ட கேட்டுட்டிருக்கேன்?”

கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டு நடுக் கூடத்தை நினைத்துக்கொள்வது நப்பின்னைக்குத் தெரிந்தது.

“சரி,” என்றார் ஞானப்பூ. “துறைமுகத்துல நல்ல உலோகப் படகு ஆறு இருக்கு. கவரை மட்டும் பிரிச்சுக் குடு. படகை நீயே வச்சுக்க.”

நப்பின்னை மனசுக்குள் கணக்குப் போட்டாள். உறை போய்விட்டால் படகு வீட்டுக்குத் திரும்பும். பதினேழடியும் திரும்பும். நாளைக்கு அளவு. நாளைமறுநாள் கப்பல். அவள் வாயைத் திறப்பதற்குள் அறவாழி முன்னால் வந்துவிட்டான்.

“பிரிக்க முடியாது.”

“என்னது?”

“பிரிச்சா அது பழைய படகு. என் கண்ணு முன்னால ஒரு நாடாவை உரிக்க விடமாட்டேன். எடுத்தா கவரோட எடுங்க. இல்லன்னா விடுங்க. நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்.”

“நான் துறைமுகத் தலைவி பேசுதேன்.”

“தலைவியா இருங்க. அதுக்கு?”

எட்டு வருடமாக அவளைத் தவழவைத்த பிடிவாதம். எத்தனை தடவை அதோடு முட்டி மோதியிருப்பாள். இன்று அது அவளுக்காக, அவளுக்காக என்று தெரியாமலே, துறைமுகத் தலைவிக்கு எதிரே மார்பை நிமிர்த்தி நின்றது. நப்பின்னை வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் செய்த ஆகப் பெரிய சாமர்த்தியம் அதுதான்.

ஞானப்பூ படகைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், அறவாழியைப் பார்த்தார். அறவாழி நகர்வதாக இல்லை.

“கொட்டகைக்குத் தூக்குங்கலே,” என்றார் கடைசியில். “கவரோட.”

மறுநாள் அவர் அளக்க வந்தபோது கூடத்தில் அவருடைய காலடி எதிரொலித்தது. ஆறடிக்குப் பதினெட்டடி இருந்தது. நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “நடக்கப் பழகிக்கிடுங்க. குனிஞ்சே போறீங்க ரெண்டு பேரும்,” என்றார்.

சுடர்விழி கப்பலிலிருந்து இறங்கியபோது அவளைவிட அதிகமாக நப்பின்னைதான் அழுதாள். பூமியின் எடையைத் தூக்கிப் பழகிய தங்கை, இங்கே ஒவ்வோர் அடிக்கும் ஒரு முழம் மேலே எம்பினாள். அறவாழி அவள் தோளைப் பிடித்துக் கீழே வைத்துக்கொண்டே நடந்தான்.

“மச்சான் கடல்ல போனாருன்னு சொன்னாங்க? இவரா?”

“நானும்தான் போனேன்,” என்றாள் நப்பின்னை.

“உன்னைக் கேக்கவே வேணாம் அக்கா. இவரு எப்படி?”

“கவரோட போனேன்,” என்றான் அறவாழி கம்பீரமாக.

வீட்டுக்குப் போகும் முன்பு படகைப் பார்க்கக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, உடலுறைகளைக் கழற்றினார்கள். இரண்டு நாளுக்குள் அந்த இடமே கோயில் மாதிரி ஆகியிருந்தது. ஊரிலுள்ள வீடுகளெல்லாம் தங்கள் குமிழுறைகளை உரித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தன. லூர்துமணியின் ஓட்டப்பொறியுடையது, பியானோவுடையது, எல்லாம் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. உரித்த பொருள்கள் வீடுகளில் வெட்கப்பட்டு நின்றன. வேறு வழியில்லாமல் லூர்துமணி ஓட ஆரம்பித்திருந்தார். நடுவில், கயிறு கட்டித் தடுத்த இடத்தில், முதல் படகு. ‘தொடாதீர்’ என்ற பலகை.

ஞானப்பூ தாமே விளக்கினார். நுரைப்பு பற்றி, பதினாலு படகுகள் பற்றி, பதினொரு வருடக் காத்திருப்பு பற்றி. ஊரின் எதிர்காலமே இந்தக் குமிழ்களுக்குள் இருப்பதாகச் சொன்னார். சுடர்விழி தலையை ஆட்டிக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் தன்பாட்டில் கயிற்றுக்கு மேலே போனது.

டப்.

கொட்டகை ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அறவாழி நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். முத்துத்துறை உண்டான நாளிலிருந்து அந்தச் சத்தத்தை அங்கே யாரும் கேட்டதில்லை.

“என்ன பண்ணுன?” என்றார் ஞானப்பூ.

“ஐயோ. கை தானா போயிருச்சு.” சுடர்விழி விரலை எடுக்கவில்லை. “பூமில எல்லாரும் இதைத்தான் செய்வாங்க அக்கா. பார்சல் வந்தா உள்ள என்ன இருக்குன்னு அப்புறம்தான் பாப்பாங்க. முதல்ல இது. இது தீர்ந்தப்புறம் பொருளை ஒரு மூலைல போட்டுட்டு மறந்துருவாங்க.”

“உபயோகிக்க மாட்டாங்களா?” என்றார் ஞானப்பூ.

“எங்க? வீடு நிறைய கெடக்கும்.”

“நாங்க கவரோட போட்டு வச்சோம்,” என்றாள் நப்பின்னை.

ஞானப்பூ படகை நெருங்கினார். தண்டனைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் குனிந்து, உடைந்த குமிழுக்குப் பக்கத்துக் குமிழை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தார். வாசலைத் திரும்பிப் பார்த்தார். அமுக்கினார்.

டப்.

அவர் முகத்தில் ஐம்பத்தெட்டு வருடத்தில் யாரும் பார்க்காத ஒன்று வந்து போனது.

“வால் பக்கம் கடல்ல படாது,” என்றார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு. “அந்த ஒரு மூலை மட்டும். ஒரு ஆளுக்கு ஒண்ணு.”

சொல்லிவிட்டு இன்னொன்றை அமுக்கினார். கொட்டகை ஆட்கள் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள். நப்பின்னையும் நின்றாள். கடைசியில் அறவாழியின் முறை வந்தது. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“எனக்கு வேண்டாம்.”

“ஒண்ணே ஒண்ணு மச்சான்.”

“வேண்டாம்மா. பாத்துப் பாத்து வச்சது.”

நப்பின்னை அவன் கையைப் பின்னாலிருந்து எடுத்து, விரலைப் பிடித்து ஒரு குமிழின்மேல் வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

டப்.

அவன் கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆனது. எட்டு வருடமாகச் சொந்தமாக இருந்த படகை அவன் அன்றுதான் முதன்முதலாக அனுபவித்தான்.

“சுடர்,” என்றான் மெதுவாக. “அடுத்த கப்பலுக்குப் பட்டியல் எப்ப வரும்?”